ஸ்லிட்-ஸ்கேன்ல உருவம் படிக்கட்டு மாதிரி உடையுது, ஏன்?

நிழல்கோடு:
டச்டிசைனர்ல (நிகழ்நேரக் காட்சி மென்பொருள்) நேரடி கேமரா வச்சு ஒரு ஸ்லிட்-ஸ்கேன் கலை நிறுவல் பண்றேன், அதாவது திரையோட ஒவ்வொரு வரியும் வேற வேற நேரத்தைக் காட்டும். 1080பி (1920×1080 பிக்சல்), 60 எஃப்பிஎஸ் (விநாடிக்கு 60 ஃப்ரேம்). திரையோட மேல் வரி இப்போ நடக்கிறது, கீழ் வரி 10 விநாடிக்கு முன்னாடி நடந்தது. பழைய ஃப்ரேம்களைச் சேர்த்து வைக்கிற டெக்ஸ்சர் 3டி-ல 600 ஃப்ரேம் இருக்கு, அதுலேர்ந்து வரிவரியா எடுக்கிற டைம் மெஷினுக்கு மேலிருந்து கீழா ஒரு கறுப்பு-வெள்ளை ரேம்ப் (எந்த வரி எவ்வளவு பழசுன்னு சொல்ற சாயல் படம்). குறுக்கே நடக்கிறவங்க உருவம் படிப்படியா வெட்டுப்படுது. ஆளே இல்லாத வெறும் சுவர்லகூட மெல்லிய கிடைக்கோடுகள் ஊர்ந்துகிட்டே இருக்கு. போதாததுக்கு 6 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு திணறுது. ஃப்ரேம் ரேட்டை ஏத்தினா சரியாகுமா?

முப்பரிமாணி:
ஏத்தாதீங்க, மெமரிதான் இன்னும் போகும். படிக்கட்டுக்குக் காரணம் வீடியோ இல்ல, ரேம்ப். 8-பிட் ரேம்ப்ல 256 அளவுதான் உண்டு. 600 ஃப்ரேமை அதுக்குள்ள அடைச்சா ஒவ்வொரு படியும் சுமார் 2.3 ஃப்ரேம் தாவும், 4 வரி தடிமனா இருக்கும். திரையை 4 விநாடியில கடக்கிற ஆள் ஃப்ரேமுக்கு 8 பிக்சல் நகர்றார், அதனால ஒவ்வொரு படியிலும் 19 பிக்சல் விலகல். ரேம்போட செட்டிங்ஸ்ல காமன் (Common) பக்கத்துல பிக்சல் ஃபார்மேட்டை 32-பிட் ஃப்ளோட் மோனோ ஆக்குங்க.

கிடைக்கோடு பெரும்பாலும் விளக்கோட வேலை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துல சில விளக்குகள் விநாடிக்கு 100 தடவை மினுக்கும். அதை 60 எஃப்பிஎஸ்-ல பிடிச்சா 3 ஃப்ரேமுக்கு ஒரு தடவை வெளிச்சம் ஏறி இறங்கும். உங்க ரேம்ப்ல அது 5 வரிக்கு ஒரு கோடு. கோடு அகலமா, ஒழுங்கில்லாம வந்தா ஆட்டோ எக்ஸ்போஷர்னு (கேமரா தானா வெளிச்ச அளவை மாத்துறது) வச்சுக்கோங்க. எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் மூணையும் பூட்டிடுங்க. சாதா வீடியோவில கண்ணுக்குப் படாத மினுக்கல் இங்கே கோடா நிலைச்சுடும்.

நிழல்கோடு:
32-பிட் போட்டதும் பெரிய படி போயிடுச்சு, நன்றி. ஆனா ஓரத்துல இன்னும் பொடிப் பல் தெரியுது. ஷட்டர் (ஒரு ஃப்ரேமுக்கு ஒளி விழற நேரம்) 1/500 விநாடி.

முப்பரிமாணி:
அதுதான் காரணம். 1/500-ல ஒவ்வொரு ஃப்ரேமும் கூர்மையா உறையுது, நடுவுல அந்த 8 பிக்சல் காலியா நிக்குது. 50 எஃப்பிஎஸ், ஷட்டர் 1/50 வைங்க (கேமரா அனுமதிச்சா). அசைவின் மங்கல் இடைவெளியை நிரப்பிடும், 100 ஹெர்ட்ஸ் மினுக்கலும் முழுசா 2 சுற்று உள்ளே வந்து அடங்கிடும். மின்சாரம் 60 ஹெர்ட்ஸா இருந்தா 60-லயே 1/60.

கடிகாரமுள்:
மெமரி கணக்கு: ஆர்ஜிபிஏ 8-பிட்ல (பிக்சலுக்கு 4 பைட்) ஒரு ஃப்ரேம் 8.3 எம்பி, 600-க்கு 5 ஜிபி. ஆனா எனக்கு 10 விநாடியே அதிகம்னு படுது. 400 வரி உயரமான ஆளோட தலைக்கும் காலுக்கும் 222 ஃப்ரேம் வித்தியாசம், அதாவது 1,700 பிக்சலுக்கு மேல சாய்வு. அது மனுஷனா தெரியாது, சாய்ஞ்ச கறைதான். 1.5 விநாடின்னா சாய்வு 270 பிக்சலுக்குள்ள, மெமரியும் 750 எம்பிதான்.

10 விநாடியை விட மனசில்லைன்னா ரேம்பை 90 டிகிரி திருப்புங்க: இடது ஓரம் இப்போ, வலது ஓரம் பழசு. இதுல 3.2 பத்திக்கு 1 ஃப்ரேம். வலப்பக்கம் நடக்கிறவர் மூணரை மடங்கு ஒல்லியாவார். வலதுல நுழைஞ்சு இடப்பக்கம் நடக்கிறவர்தான் வேடிக்கை. அவர் உண்மையில இடது ஓரத்தைத் தொடும்போதுதான் திரையில அங்கே முளைப்பார். கண்ணாடியில பார்த்த மாதிரி இடவலம் மாறி வலப்பக்கமா போவார், காலடி மட்டும் ரிவர்ஸ்ல ஓடும். அவரே ஃப்ரேமுக்கு சரியா 3.2 பிக்சல் வேகத்துக்கு மெதுவானா ஒரு கணம் திரை முழுக்க இழுபட்டுப் போவார்.

சொந்தமா ஷேடர் (கிராஃபிக்ஸ் கார்டுல ஓடற சின்ன நிரல்) எழுதறதா இருந்தா: சுழல் பஃபர்ல (பழசு மேலேயே புதுசை எழுதிச் சுத்துற சேமிப்பு) புது ஃப்ரேமும் கடைசிப் பழைய ஃப்ரேமும் பக்கத்துப் பக்கத்துல உட்காரும். பக்கத்து ஃப்ரேம்களைக் கலக்கிற இன்டர்போலேஷன் இந்த ரெண்டையும் கலந்துட்டா ஓரத்துல 10 விநாடி பழைய நிழல் கசியும். ரேம்பை 1 ஃப்ரேம் முன்னாடியே நிறுத்திடுங்க.