நாள் கணக்கில் 9 வாரம், ஸ்கேனில் 8 வாரம்: எதை வைத்து வளர்ச்சியைப் பின்தொடர்வது?

கொடிமுல்லை (கேள்வி)

கடைசி மாதவிலக்கின் முதல் நாள் மார்ச் 3. எனக்குச் சுழற்சி எப்பவும் 36 முதல் 38 நாள். மே 7 ஸ்கேனில் கரு நீளம் (சி.ஆர்.எல்.) 16 மி.மீ., துடிப்பு நிமிடத்துக்கு 165, வயது "8 வாரம் 0 நாள்". அன்னைக்குக் கர்ப்பக் கணக்கு ஆப்பில் 9 வாரம் 2 நாள்.

1. வாரா வாரம் வளர்ச்சி பார்க்க எந்தக் கணக்கைப் பிடிக்கணும்?
2. ஆப்பில் மாதவிலக்குத் தேதி மட்டும்தான் போட முடியுது. அதை எப்படிச் சரிபண்றது?
3. பின்னாடி வர்ற ஸ்கேன்ல வேற வாரம் காட்டினா ஒவ்வொரு தடவையும் தேதியை மாத்தணுமா?
4. நோட்டுல என்னென்ன எழுதி வைக்கலாம்?

அளவுகோல்

குழந்தை பின்தங்கவில்லை, ஆப்தான் ஒன்பது நாள் முன்னால் ஓடுகிறது.

கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து பிரசவத் தேதிக்கு எண்ணும் 280 நாள் கணக்கு, 28 நாள் சுழற்சியில் 14ஆம் நாள் கருமுட்டை வெளியாகிறது என்று வைத்துப் போட்டது. சுழற்சி நீளமானால் நீள்வது பெரும்பாலும் முன்பாதிதான். முட்டை வெளிவந்த பிறகு அடுத்த மாதவிலக்குக்கு ஏறக்குறைய 14 நாள் என்பது அதிகம் மாறாது. உங்கள் 37 நாள் சுழற்சியில் 23ஆம் நாள் வாக்கில் முட்டை வந்திருக்கும். 9 வாரம் 2 நாளில் 9 நாளைக் கழித்தால் 8 வாரம் 0 நாள். 16 மி.மீ. சொல்வதும் அதையேதான்.

வழக்கமான விதி இது: நாள் கணக்குப்படி 8 வாரம் 6 நாள் வரை எடுத்த ஸ்கேனில் 5 நாளுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, 9 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரை 7 நாளுக்கு மேல் இருந்தாலோ, ஸ்கேன் தேதியை எடுத்துக்கொள்வார்கள். அதற்குள் என்றால் மாதவிலக்குத் தேதியே நிற்கும். உங்களுக்கு 9 நாள், ஆகவே பிரசவத் தேதி டிசம்பர் 8 இல்லை, டிசம்பர் 17. இதை மருத்துவரிடம் கேட்டு ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதி வாங்குங்கள். ஆப்பில் மாதவிலக்குத் தேதியாக மார்ச் 12 என்று போட்டால் கணக்கு சரியாகும். அது ஆப்புக்கு மட்டும். மருத்துவர் கேட்டால் மார்ச் 3தான் சொல்ல வேண்டும். (ஐ.வி.எஃப்., அதாவது சோதனைக்குழாய் முறைக் கர்ப்பத்துக்கு இந்த விதி பொருந்தாது. கருவை வைத்த நாளிலிருந்தே கணக்கு, ஸ்கேனால் மாற்றுவதில்லை.)

தேதி தவறினால் முதலில் இடிப்பது கழுத்துப் பின்புற நீர் அளக்கும் என்.டி. ஸ்கேன். சி.ஆர்.எல். 45 முதல் 84 மி.மீ.க்குள் இருந்தால்தான் அந்த அளவு செல்லும். பழைய கணக்கில் 11 வாரம் 2 நாள் என்று போனால் குழந்தை உண்மையில் 10 வாரம், சுமார் 32 மி.மீ. திருப்பி அனுப்பிவிடுவார்கள். உங்களுக்கு மே 28 முதல் ஜூன் 17 வரை நேரம் இருக்கிறது. ஜூன் 4ஐ ஒட்டிப் போனால் 12 வாரம், படமும் தெளிவாக வரும். உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேனுக்கு (18 முதல் 22 வாரம்) ஜூலை கடைசி வசதி. கடைசியில் இடிப்பது இன்னும் பெரிது: டிசம்பர் 15 அன்று பழைய கணக்கில் 41 வாரம் ஆகிவிட்டதென்று வலி வரவைக்கப் பேச்சு எழும், குழந்தைக்கோ 39 வாரம் 5 நாள்தான்.

மூன்றாவது கேள்விக்கு: மாற்றவே கூடாது. முதல் மூன்று மாதத்தில் எல்லாக் கருவும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் வளரும், அதனால்தான் நீளத்தை வைத்து வயது சொல்ல முடிகிறது. பிறகு பெற்றோரின் உடல்வாகு, நஞ்சுக்கொடியின் திறன் எல்லாம் சேர்ந்துகொள்ளும். 32 வாரத்தில் குழந்தை 29 வார அளவில் இருந்தால் கவனிக்க வேண்டிய சேதி அதுதான். தேதியைத் தள்ளிப் போட்டால் அந்தச் சேதியையே அழித்துவிடுகிறோம்.

வெண்பனி

மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கோங்க. ஒரே ரிப்போர்ட்டில் தலை 31 வாரம், வயிறு 29, தொடை எலும்பு 30 என்று வரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மெஷின் ஒவ்வொரு அளவையும் சராசரிக் குழந்தையோடு ஒப்பிட்டு வாரமாக மாற்றிக் காட்டுது, அவ்வளவே. தலை ஒடுங்கி நீண்டிருந்தால் குறுக்களவு (பி.பி.டி.) குறைவா வரும், குழந்தை தலை மேலே இருக்கும்போது இது சகஜம். அப்போ சுற்றளவை (எச்.சி.) பாருங்க.

முக்கியமானது வயிற்றுச் சுற்றளவு, ஏ.சி. ஈரலும் தோலடிக் கொழுப்பும் அங்கேதான் சேரும், ஊட்டம் குறைந்தால் முதலில் சுருங்குவதும் அதுதான். ஆனால் தவறாக அளக்க எளிதானதும் அதுவே. குறுக்குவெட்டு சரிந்து முட்டை வடிவமானால் அளவு மாறிடும். எடைக் கணக்கில் 15 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம்: 2500 கிராம் என்று எழுதியிருந்தால் 2125ஆகவும் இருக்கலாம், 2875ஆகவும் இருக்கலாம். அதனால்தான் எடை பார்க்கும் ஸ்கேனுக்கு இடையில் குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் மூன்று வாரம் விடணும். ஒரு வாரத்தில் திரும்ப எடுத்தால் வளர்ச்சிக்கும் அளவுப் பிழைக்கும் வித்தியாசம் தெரியாது.

நோட்டுல வாரத்தை எழுதாதீங்க, மி.மீ. அளவையும் சதமானத்தையும் (அதே வாரத்துக் குழந்தைகள் நூறு பேரை அளவுப்படி வரிசையில் நிறுத்தினால் எத்தனையாவது இடம் என்பது) எழுதுங்க. 12ஆம் சதமானத்தில் தொடங்கி அதே கோட்டில் போகும் குழந்தை பெரும்பாலும் இயல்பாகவே சிறியது. 28 வாரத்தில் 60ஆம் சதமானத்தில் இருந்து 34 வாரத்தில் 15க்கு இறங்கினது, சிறியது என்று கணக்கிடும் 10க்கு மேலே இருந்தாலும், தொப்புள்கொடி ரத்த ஓட்டம் (டாப்ளர்), பனிக்குட நீர் இரண்டையும் பார்க்கச் சொல்லும்.

சிலருக்குக் குழப்பம் தருவது: 20ஆம் வாரத்தில் ஆப்பில் நீளம் 16 செ.மீ.யிலிருந்து 25க்குத் தாவும். குழந்தை ஒரே ராத்திரியில் வளரலை. அதுவரை தலையிலிருந்து பிட்டம் வரை அளந்தாங்க, பிறகு குதிகால் வரை. பழம், காய் உவமை எல்லாம் ரசிக்கத்தான்.

தாதியக்கா

அம்மா, நாலாவது கேள்விக்கு நான் சொல்றேன்.

24 வாரத்துக்கு மேல கருப்பை உயரம் செ.மீ.ல ஏறக்குறைய வாரத்துக்குச் சமமா வரும், 2 செ.மீ. கூடக் குறைய. 28 வாரம்னா 26லருந்து 30. இதை நீங்களே அளக்கறதைவிட, ஒரே நர்ஸோ டாக்டரோ ஒவ்வொரு தடவையும் அளந்தாத்தான் நம்பலாம். அளக்கும்முன்ன சிறுநீர் கழிச்சிடணும். நிறைஞ்ச பை கருப்பையை மேலே தூக்கிடும். முதல்ல கையால மேல் விளிம்பைத் தொட்டுப் பிடிச்சு, டேப்போட பூஜ்யத்தை அங்க வெச்சு, இடுப்பு முன்னெலும்போட மேல் விளிம்பு வரைக்கும் இழுக்கணும். எண்ணுள்ள பக்கம் கீழ இருக்கட்டும், இல்லேன்னா கண்ணு எதிர்பார்த்த எண்ணுக்கே போகும். நார்க்கட்டி, இரட்டைக் குழந்தை, குறுக்கே படுத்த குழந்தைன்னா இந்தக் கணக்கு உதவாது. கடைசியில தலை இடுப்புக்குள்ள இறங்கினா உயரம் குறையும், அது தப்பில்ல.

நோட்டுல அசைவுதான் பெரிசு. முதல் பிரசவத்துல 18லருந்து 22 வாரத்துக்குள்ள தெரிய ஆரம்பிக்கும், நஞ்சு முன்பக்கம் ஒட்டியிருந்தா இன்னும் தள்ளும். 24 வாரம் ஆகியும் எதுவுமே தெரியலைன்னா போய்ப் பாருங்க. 28க்கு மேல தினமும் அது சுறுசுறுப்பா இருக்கற நேரத்துல இடப்பக்கமா ஒருக்களிச்சுப் படுத்து எண்ணுங்க. 2 மணி நேரத்துல 10 அசைவு வரணும். விக்கலை எண்ணாதீங்க. எத்தனைன்னு மட்டும் எழுதாம 10 ஆக எவ்வளவு நேரமாச்சுன்னு எழுதுங்க. தினமும் 20 நிமிஷத்துல வந்தது ஒரு நாள் ஒன்றரை மணி ஆச்சுன்னா அதுவே மாற்றம்.

கொடிமுல்லை

தேதி புரிஞ்சுது, மிக்க நன்றி. வீட்டிலேயே துடிப்புக் கேட்கிற டாப்ளர் கருவி வாங்கினா அசைவு குறையுற அன்னைக்கு உதவுமா? கடைசி மாசத்துல இடம் போதாம அசைவு குறையும்னும் சொல்றாங்களே?

தாதியக்கா

அந்தக் கருவி வேண்டாம்மா. உங்க ரத்தக்குழாய் ஓசையையோ நஞ்சு ஓசையையோ குழந்தைன்னு நினைச்சுடலாம். குழந்தையோட துடிப்பேதான்னாலும், அது சிரமத்துல இருக்கறப்பவும் துடிப்பு கேட்டுட்டுதான் இருக்கும். கேட்டதும் நிம்மதியாத் தூங்கிடறதுதான் ஆபத்து.

இடம் போதாம குறையும்ங்கறது தப்பு. உதை மாதிரி இருந்தது உருள்ற மாதிரி ஆகலாம், எண்ணிக்கை குறையக் கூடாது. குழந்தை ஒரு தடவை தூங்கறது பொதுவா 20லருந்து 40 நிமிஷம், 90ஐத் தாண்டறது அரிது. 2 மணி நேரத்துல 10 வரலைன்னா காலையில பாக்கலாம்னு விடாம அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுங்க, ராத்திரி 2 மணியா இருந்தாலும்.