ஏலகிரி அணிப் போட்டி: கியர், காலணி பற்றி யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் ஏலகிரியில் நடக்கும் ஒரு சாகசப் போட்டிக்கு நாங்கள் மூன்று பேர் ஓர் அணியாகப் பெயர் கொடுத்திருக்கிறோம். பொன்னேரி அடிவாரத்தில் தொடங்கி, 14 கொண்டை ஊசி வளைவுகளையும் சைக்கிளில் ஏற வேண்டும். மங்களம் கிராமத்தில் வண்டியை நிறுத்திவிட்டு சுவாமிமலை உச்சிக்கு ஓட்டம். மூவரும் சேர்ந்து முடித்தால்தான் கணக்கு.

என் பெரிய கவலை கியர்தான். மூவரிடமும் ஹைபிரிட் சைக்கிள். முன்னால் சிறிய பல்சக்கரத்தில் 28 பல், பின்னால் பெரியதிலும் 28 பல். அதாவது ஒரு மிதிக்குச் சக்கரம் ஒரு சுற்று. முதல் சில வளைவுகளுக்கு இது போதும், ஆனால் மேலே போகப் போக முட்டி கெஞ்சுகிறது. பின்னால் 34 பல் வரை உள்ள கேசட் (பின் பல்சக்கரத் தொகுதி) மாட்டலாமா? அப்படியானால் பின் டிரெய்லியரையும் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் கருவி) செயினையும் மாற்ற வேண்டுமா? இந்த மாற்றத்தைச் செய்தவர்கள் செலவையும் சொல்லுங்கள்.

இன்னொன்று. அணியில் தங்கை ஒருத்தி ஏற்றத்தில் கொஞ்சம் பின்தங்குவாள், ஆனால் ஓட்டத்தில் அவள்தான் எங்களை இழுத்துப் போவாள். முன்னால் போகிறவரின் இருக்கைக்குக் கீழே பழைய டியூபைக் கட்டி, பின்தங்குபவரை ஏற்றத்தில் இழுப்பார்கள் என்கிறார்கள். போட்டி விதி அதைத் தடுக்கவில்லை. பேருந்து வரும் வளைவில் அது பாதுகாப்பானதா? எனக்கு மனம் ஒப்பவில்லை.

காலணி விஷயம்: சாதாரண பெடலில் டிரெயில் ஷூவோடே (மலைப்பாதையில் ஓடுவதற்கான காலணி) மிதித்து, அப்படியே ஓடலாம் என்று நினைக்கிறேன். சரிதானா?

சுவாமிமலை ஏறியவர்கள் யாராவது இருந்தால், வழியில் தண்ணீர் கிடைக்குமா என்றும் சொல்லுங்கள்.