நடுவரைப் பார்த்துக் கத்தும் ஆட்டக்காரருக்கு எப்போது டெக்னிக்கல் ஃபவுல் கொடுப்பது?

புதிய நடுவர் கேட்கிறார்:

கூடைப்பந்து நடுவராக இது எனக்கு இரண்டாவது பருவம். சென்ற வாரம் நான் எடுத்த ஒரு முடிவைப் பற்றி இன்னும் மனம் தெளியவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஓர் அணியின் முக்கிய ஆட்டக்காரர் இரண்டாவது குவார்ட்டரிலிருந்தே ஒவ்வொரு விசிலுக்கும் கைகளை விரித்துக் கத்திக்கொண்டிருந்தார். ஆட்டத்தின் ஓட்டத்தைக் கெடுக்க வேண்டாம் என்று எண்ணி, காதில் விழாதது போல இருந்துவிட்டேன். நான்காவது குவார்ட்டரில் ஒன்றரை நிமிடம் மீதமிருந்தபோது, அவர் அணி ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தது. அவர் லே-அப் (கூடைக்கு மிக அருகில் சென்று போடும் எறிதல்) போட்டுத் தவறவிட்டார். நான் ஃபவுல் கொடுக்கவில்லை. உடனே, "உனக்குக் கண் தெரியாதா?" என்று அரங்கம் முழுவதும் கேட்கும்படி கத்தினார். டெக்னிக்கல் (மோதலுக்கு அல்லாமல் நடத்தைக்காகக் கொடுக்கும் ஃபவுல்) கொடுத்தேன். ஏற்கெனவே அவருக்கு நான்கு ஃபவுல்கள் இருந்ததால் அதுவே ஐந்தாவதாகி, அவர் வெளியேற நேர்ந்தது. அதற்காகக் கிடைத்த ஃப்ரீ த்ரோவில் (தடுப்பாரின்றி எறியும் வாய்ப்பு) எதிரணி சமன் செய்து, பிறகு வென்றது. இறுதி மணி ஒலித்ததும் அவர் என்னிடம் வந்து மீண்டும் திட்டினார். நான் செய்வதறியாமல் நின்றேன்.

அந்த டெக்னிக்கல் சரியானதுதானா? ஆட்டம் முடிந்த பிறகு நான் என்ன செய்திருக்க வேண்டும்?

மூத்த நடுவர்:

டெக்னிக்கல் சரியானதே. தீர்ப்பைக் குறை சொல்வது வேறு, நடுவரையே இழிவாகப் பேசுவது வேறு. "அது ஃபவுல் இல்லையா?" என்று உணர்ச்சி வேகத்தில் கேட்பவரை நான் பெரும்பாலும் விட்டுவிடுவேன். "உனக்கு" என்று தொடங்கி என்னைச் சுட்டும் சொற்களையும், மற்றவர்களைத் தூண்டிவிடும் வகையில் உரக்கக் கத்துவதையும் விடமாட்டேன். கடைசி நிமிடம் என்பதற்காக இந்த அளவுகோலை மாற்றவும் கூடாது.

ஆனால் தம்பி, பிழை நடந்தது இரண்டாவது குவார்ட்டரில். அன்று நீங்கள் காத்த மௌனத்தை அவர் அனுமதியாக எடுத்துக்கொண்டார். முப்பது நிமிடம் பொறுத்துக்கொண்ட ஒன்றுக்குத் திடீரென்று தண்டனை வந்தால், அது அவர் கண்ணுக்கு நியாயமாகத் தெரியாது. சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிகளிலேயே இதற்கு வழி இருக்கிறது. பந்து ஆட்டத்தில் இல்லாமல் கடிகாரமும் நின்றிருக்கும்போது எச்சரிக்கை கொடுத்து, அதைத் தலைமைப் பயிற்சியாளரிடமும் தெரிவிக்கலாம். அதன்பின் அந்த அணியில் யார் அதே வகையில் நடந்துகொண்டாலும், மீதமுள்ள ஆட்டம் முழுவதற்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும். அப்படிச் செய்திருந்தால் பயிற்சியாளரே அவரை அடக்கியிருப்பார், அல்லது சற்று நேரம் பெஞ்சில் உட்கார வைத்திருப்பார். இரண்டு டெக்னிக்கல் பெற்றால் ஆட்டக்காரர் தகுதிநீக்கம் ஆகிவிடுவார் என்பது பயிற்சியாளர்களுக்கு நன்றாகத் தெரியும்.

முன்னாள் ஆட்டக்காரர் (பாயின்ட் கார்டு):

ஆட்டக்காரராகப் பல ஆண்டுகள் கத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: தண்டனையால் மட்டும் இது தீராது. அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவில் ஆட்டக்காரர் ரஷீத் வாலஸ் 2000-01 பருவத்தில் மட்டும் 41 டெக்னிக்கல் வாங்கினார். ஒவ்வொரு முறையும் தண்டனை கிடைத்தும் அவர் வாய் மூடவில்லை. என்னை அமைதிப்படுத்தியவர்கள் என்னோடு பேசிய நடுவர்கள்தாம். ஒருமுறை ஒரு நடுவர் ஃப்ரீ த்ரோவுக்கு வரிசையில் நிற்கும்போது அருகில் வந்து, "நான் நின்ற இடத்திலிருந்து கை பட்டது தெரியவில்லை, அடுத்த முறை கவனிக்கிறேன்" என்று மெல்லச் சொன்னார். அந்த ஆட்டத்தில் நான் அதற்குமேல் ஒரு சொல் பேசவில்லை. முகத்துக்கு நேரே உள்ளங்கையைக் காட்டி "போதும்" என்று சொல்பவர்களிடம் என் கோபம் இரட்டிப்பாகும்.

மூத்தவர் சொன்ன எச்சரிக்கையை நான் ஏற்கிறேன். ஆனால் முதலில் விதிப்படி எச்சரிக்கை என்றில்லாமல், ஒரு சொல் பேசிப் பார்க்கலாம் என்பதே என் கருத்து.

நடுவர் பயிற்றுநர்:

இருவர் சொன்னதும் பொருந்தும். வரிசை மட்டும் முக்கியம். முதலில் மெல்லிய சொல், பிறகு எச்சரிக்கை, பிறகு டெக்னிக்கல். தனிப்பட்ட இழிசொல் வந்துவிட்டால் முதல் இரண்டு படிகளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. "தவறு என்னுடையது" என்று ஒப்புக்கொள்வது நல்லதே, ஆனால் உண்மையில் தவறவிட்டபோது மட்டும் சொல்லுங்கள். ஒருவரைச் சமாதானப்படுத்த அதைச் சொன்னால் மறுபக்கத்து அணி உங்களை நம்பாது.

கொடுக்கும் விதமும் முக்கியம். விசில் ஊதி, சைகை காட்டிவிட்டு, அவரை முறைக்காமல் ஸ்கோர் பதிவு செய்யும் மேசையை நோக்கி நடந்துவிடுங்கள். அவருக்கும் உங்களுக்கும் இடையில் சக நடுவர் வந்து நிற்கட்டும். நடுவரின் கோபம் எதுவரை கொண்டுபோகும் என்பதற்கு 2007 ஏப்ரலில் நடந்ததை நினைவில் வையுங்கள். பெஞ்சில் உட்கார்ந்து சிரித்த என்பிஏ ஆட்டக்காரர் டிம் டங்கனை நடுவர் ஜோயி கிராஃபோர்டு வெளியேற்றினார்; என்பிஏ அந்தப் பருவத்தின் மீதி முழுவதற்கும் கிராஃபோர்டைத்தான் இடைநீக்கம் செய்தது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஆட்ட நேரம் முடிந்தபின் ஃபிபா விதிப்படி டெக்னிக்கல் கொடுக்க முடியாது. ஆனால் ஸ்கோர் தாளில் கையெழுத்திடும் முன் அவர் திட்டியிருந்தால், சம்பவம் நடந்ததை முதன்மை நடுவர் அந்தத் தாளில் குறித்து, போட்டி அமைப்பாளருக்கு விரிவான அறிக்கை அனுப்ப வேண்டும். அறிக்கையில் "தகாத முறையில் பேசினார்" என்று எழுதாமல், அவர் சொன்ன சொற்களையே எழுதுங்கள்.

புதிய நடுவர்:

அனைவருக்கும் நன்றி. கையெழுத்திடும் முன்தான் திட்டினார்; தெரியாமையால் தாளில் குறிக்காமல் விட்டோம். அன்றைய முதன்மை நடுவரிடம் பேசி, நடந்ததை அமைப்பாளருக்குத் தெரிவிக்கிறேன். அடுத்த மாதம் அதே அணிக்கு மீண்டும் நடுவராகப் போகிறேன். ஆட்டத்துக்கு முன்பே அவரிடம் பேசிவிடலாமா?

நடுவர் பயிற்றுநர்:

வேண்டாம். பழைய ஆட்டத்தைப் பற்றி அவரிடமோ பயிற்சியாளரிடமோ எதுவும் சொல்லாதீர்கள். மனதில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார் என்றுதான் நினைப்பார்கள். அவர் முதல் முறை கத்தும்போது உங்கள் இருவரில் யார் அருகில் சென்று பேசுவது என்பதை மட்டும், ஆட்டத்துக்கு முன் சக நடுவரிடம் முடிவு செய்துகொள்ளுங்கள்.