கத்திரி வெயிலில் கைக்குழந்தைக்கு ஒரு சங்கு தண்ணீர்: கொடுக்கலாமா, கூடாதா?

கிராமச் செவிலி:
கோடைக்காலக் குழந்தைப் பராமரிப்பு பற்றிய இழையில் காட்பாடிப் பெரியவர் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு ஆறவே இல்லை. "கத்திரி வெயிலில் தாய்ப்பால் மட்டும் கைக்குழந்தையின் தாகத்தைத் தணிக்காது, மூன்று மாதக் குழந்தையாக இருந்தாலும் காலையிலும் மாலையிலும் ஒரு சங்கு காய்ச்சி ஆறிய தண்ணீர் கொடுங்கள், வேண்டாம் என்பவர்கள் வெயிலையே பார்க்காதவர்கள்" என்று எழுதியிருக்கிறார். அதைப் பாராட்டிப் பின்னூட்டம் இட்டவர்கள் வேறு வரிசையில் நிற்கிறார்கள்.

வெயிலைப் பார்க்காதவளா நான்? இதே வேலூர் மாவட்டத்தில் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மே மாத நண்பகலில் தெருத்தெருவாக நடந்து ஓய்வுபெற்றவள். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் சொல்வது குளிர்நாட்டுக் குழந்தைகளுக்காக மட்டும் அல்ல, நம் ஊர்க் குழந்தைகளுக்கும் சேர்த்துத்தான். தாய்ப்பாலில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் தண்ணீர்தான் இருக்கிறது. வெயில் ஏறினால் குழந்தை அடிக்கடி பாலுக்கு அழும், அடிக்கடி கொடுத்தால் போதும். அந்தச் சிறிய வயிற்றைத் தண்ணீரால் நிரப்பினால் பால் குடிப்பது குறையும். பால் குடிப்பது குறைந்தால் தாய்க்குச் சுரப்பதும் குறையும். பிறகு "எனக்குப் பாலே இல்லை" என்று அந்தப் பெண் அழுதுகொண்டு வருவாள். இந்த ஒரு சங்கு தண்ணீரில் தொடங்கிய வினைகளை நான் நிறையப் பார்த்தாயிற்று.

காட்பாடிப் பெரியவர்:
என் பெயரைச் சொல்லித் தனி இழை தொடங்கிய அம்மையாருக்கு நன்றி. என் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஒரு சங்கு தண்ணீர் குடித்துத்தான் வளர்ந்தார்கள். எல்லோரும் நன்றாகவே இருக்கிறார்கள். சங்கைக் கொதிநீரில் போட்டு எடுத்து, செம்பில் காய்ச்சிய நீரை ஆறவைத்து, துணியில் வடிகட்டிக் கொடுத்த என் மனைவிக்கு எந்த நிறுவனமும் பாடம் எடுக்கவில்லை.

அதுவும் போகட்டும். அம்மையார் மேற்கோள் காட்டும் அதே உலக சுகாதார நிறுவனம் 2001ஆம் ஆண்டு வரை நான்கு முதல் ஆறு மாதம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகுதான் ஆறு மாதம் என்று மாற்றிக்கொண்டது. நேற்று ஒன்றும் இன்று ஒன்றும் சொல்பவர்களை நம்ப வேண்டும், தலைமுறை தலைமுறையாக ஒன்றையே சொல்லிவரும் பாட்டிமார்களை நம்பக் கூடாது என்றால் அது என்ன நியாயம்? நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஒரு சங்கு தண்ணீர் குடித்ததால் எந்தக் குழந்தைக்கு என்ன ஆயிற்று? சுற்றி வளைக்காமல் பதில் சொல்லுங்கள்.

சும்மா வந்தவன்:
இருவருக்கும் வணக்கம். சங்கு என்று எதைச் சொல்கிறீர்கள் என்று யாராவது முதலில் சொன்னால் நல்லது. எங்கள் வீட்டில் வெள்ளிச் சங்கு ஒன்று இருக்கிறது, எவர்சில்வர் பாலாடை ஒன்று இருக்கிறது. ஒன்றில் கொள்வது மற்றதில் பாதிகூட இல்லை. எந்தச் சங்குக்காக இந்தப் போர் என்று தெரிந்தால் நானும் ஒரு பக்கம் சேர்ந்துகொள்வேன்.

கிராமச் செவிலி:
எந்தச் சங்காக இருந்தாலும் கூடாது என்பதே என் பேச்சு. அளவு பார்த்துப் பேரம் பேச இது எண்ணெய்க் கடை அல்ல.

பெரியவர் 2001ஐப் பாதி படித்துவிட்டு வந்திருக்கிறார். அன்று சொன்ன நான்கு மாதம் என்பது கஞ்சி, கூழ் போன்ற இணை உணவை எப்போது தொடங்கலாம் என்பதற்கான கணக்கு. அவர் எழுதியதோ மூன்று மாதக் குழந்தையைப் பற்றி! அந்தப் பழைய கணக்கின்படி பார்த்தாலும் அவருடைய சங்கு தள்ளுபடிதான்.

இந்திய வெயிலில் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்று அடுத்து எழுதுவார் என்பது தெரியும். ஆகவே இப்போதே சொல்லிவிடுகிறேன். தில்லியில் நம் நாட்டு மருத்துவர்களே கோடைக்காலத்தில் இதை ஆராய்ந்து, 1991ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகளுக்கு நீர்ச்சத்து குறையவில்லை; கூடுதலாகத் தண்ணீர் கொடுப்பது தேவையில்லை என்பதே அவர்கள் கண்டது. தில்லி மே மாதம் காட்பாடி மே மாதத்துக்குச் சளைத்ததா? குழந்தை நாளொன்றுக்கு ஆறு முறையாவது துணியை நனைக்கிறதா, சிறுநீர் வெளிறிய நிறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அதற்குத் தாகம் இல்லை. உச்சிக்குழி உள்வாங்கியிருந்தாலோ, அழும்போது கண்ணீர் வராவிட்டாலோ, எழுப்பினாலும் துவண்டு விழுந்தாலோ சங்கைத் தேட வேண்டாம், வண்டியைத் தேடுங்கள்.

ஆம்பூர் அம்மா:
இந்தச் சண்டைக்கு நடுவே கேட்கலாமா என்று தெரியவில்லை. எனக்கு நான்கு மாதக் குழந்தை இருக்கிறது. காலணி ஆலையில் தினக்கூலி, வேலைக்குத் திரும்பிவிட்டேன். பகலில் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். வீடு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, குளிர்பெட்டி கிடையாது. காலையில் பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் மூடி வைத்துவிட்டுப் போகிறேன். பதினொரு மணிக்கெல்லாம் வாடை வந்துவிட்டது என்று மாமியார் கொட்டிவிட்டுத் தண்ணீரைக் கொடுக்கிறார். அவரைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை, குழந்தை அழுகிறது என்கிறார். பீய்ச்சிய பால் இந்த வெயிலில் எத்தனை நேரம் தாங்கும்? மண்பானைத் தண்ணீருக்குள் கிண்ணத்தை இறக்கி வைத்தால் கெடாமல் இருக்குமா?

காட்பாடிப் பெரியவர்:
பார்த்தீர்களா? ஆம்பூர்ச் சகோதரியின் மாமியார் செய்வதைத்தான் நான் எழுதினேன். அந்தப் பெரியம்மா கொடுத்திராவிட்டால் குழந்தை மதியம் வரை வெறும் வயிற்றில் கிடந்திருக்கும். இதற்கு லான்செட் என்ன சொல்கிறது?

தில்லி ஆராய்ச்சி பற்றியும் ஒரு சொல். அந்தக் குழந்தைகள் எந்தக் கூரைக்குக் கீழே, எந்த மின்விசிறிக்குக் கீழே படுத்திருந்தன என்பதை அம்மையார் சொல்லவில்லை. இந்த மாநிலத்தில் வெப்ப அலையைப் பேரிடர் என்று அரசே 2024இல் அறிவித்துவிட்டது. பேரிடர் காலத்தில் ஒரு சங்கு தண்ணீர் கொடுப்பது குற்றமா? மேலும் நான் மூன்று மாதம் என்று எழுதியது பேச்சுவாக்கில். நான்கு, ஐந்து மாதக் குழந்தைகளைத்தான் மனத்தில் வைத்திருந்தேன் என்பது படிப்பவர்களுக்குத் தெரியும். ஒரு சங்கால் எந்தக் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்ற என் கேள்வி அப்படியே நிற்கிறது.

மருந்துக்கடைக்காரர்:
வெறும் தண்ணீரா, வேண்டாமா என்று மோதிக்கொள்வதற்குப் பதிலாக ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை எல்லாக் குழந்தைகளுக்கும் கோடை முழுவதும் தினமும் கொடுத்துவிடலாமே. ஒரு பொட்டலத்தைத் தேவைக்கு ஏற்றபடி ஒரு டம்ளரிலேயே கலக்கலாம். கெட்டியாக இருந்தால் தெம்பு அதிகம். என் கடையில் ஏப்ரல் மாதம் முதல் இதுதான் அதிகமாகப் போகிறது. செவிலி அம்மா சென்ற ஆண்டு வேர்க்குருப் பவுடர் இழையிலும் என்னைக் குறை சொன்னவர்தான். இதற்கும் ஏதாவது சொல்வார்.

கிராமச் செவிலி:
சொல்லாமல் விடுவேனா? பவுடரைக் கைக்குழந்தையின் கழுத்தில் கொட்டாதீர்கள், மூச்சில் ஏறும் என்று அன்று சொன்னதை இன்றும் சொல்கிறேன். வேர்க்குருவுக்குத் தளர்ந்த பருத்தித் துணியும் பச்சைத்தண்ணீர்க் குளியலும் போதும்.

ஓ.ஆர்.எஸ். பற்றி ஒரு கடைக்காரரே இப்படி எழுதினால் வாங்குபவர்கள் என்ன செய்வார்கள்? 2002 முதல் புழக்கத்தில் உள்ள உலக சுகாதார நிறுவன அளவின்படி ஒரு பொட்டலம் 20.5 கிராம், உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், மீதி பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும். அதைக் கலக்க வேண்டியது முழுதாக ஒரு லிட்டர் தண்ணீரில். ஒரு டம்ளரில் கலந்தால் அது தெம்பு அல்ல, உப்புக் குழம்பு. குழந்தையின் இரத்தத்தில் உப்பு ஏறிவிடும். வயிற்றுப்போக்கால் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டத்தான் அந்தப் பொட்டலம்; நன்றாக இருக்கும் குழந்தைக்குத் தினமும் ஊற்றும் சர்பத் அல்ல.

இன்னொன்றையும் கேட்டுவைக்கிறேன். பழச்சுவைப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில் விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. ஹைதராபாதைச் சேர்ந்த ஒரு குழந்தை மருத்துவர் பல ஆண்டுகள் தனியாகப் போராடியதன் பலன் அது. சர்க்கரை மிகுந்த அந்தப் பானம் வயிற்றுப்போக்கை இன்னும் கூட்டும். அந்த அட்டைப்பெட்டிகள் உங்கள் கடை அலமாரியில் முன்வரிசையில் இருந்தனவா, இல்லையா?

மருந்துக்கடைக்காரர்:
என் கடை அலமாரியைப் பார்க்காதவர் அதைப் பற்றிப் பேசுவது வேடிக்கை. சட்டப்படி வந்த சரக்கைச் சட்டப்படி விற்றேன். உத்தரவு வந்ததும் திருப்பி அனுப்பிவிட்டேன். டம்ளர் என்று நான் சொன்னது பெரிய டம்ளரை.

சும்மா வந்தவன்:
ஒரு லிட்டர் பிடிக்கும் டம்ளர் உங்கள் கடையில் கிடைக்குமா, ஐயா? எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குத் தேவைப்படும்.

காட்பாடிப் பெரியவர்:
இழை எங்கெங்கோ போகிறது. அம்மையாருக்கு அது வசதியாகவும் இருக்கிறது. அலமாரி, பொட்டலம், பவுடர் எல்லாம் வந்துவிட்டன. என் கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. ஒரு சங்கு தண்ணீரால் வலிப்பு வரும் என்று சில மருத்துவர்கள் காணொளியில் பயமுறுத்துகிறார்கள். வருமா, வராதா? ஒரே சொல்லில் சொல்லுங்கள். உரை மருந்து பற்றி நான் எழுதிய கட்டுரையை இதே தளத்தில் கேலி செய்தவர் நீங்கள் என்பதை நான் மறக்கவில்லை. எங்கள் தலைமுறை பெற்றுப் பிழைக்கவைத்ததால்தான் உங்களுக்குத் தடுப்பூசி போடக் குழந்தைகள் கிடைத்தார்கள்.

நெறியாளர்:
தனிப்பட்ட தாக்குதல்களைத் தவிர்க்கவும். ஆம்பூர் அம்மாவின் கேள்வி நெடுநேரமாக அப்படியே இருக்கிறது. தெரிந்தவர்கள் பதில் அளிக்கலாம்.

கிராமச் செவிலி:
உங்கள் தலைமுறையில் எத்தனை பிழைத்தன என்பதைப் பேசும்போது, பிழைக்காமல் போனவற்றையும் எண்ணிச் சொல்லுங்கள், பெரியவரே. பிழைத்தவர்கள்தான் இங்கே வந்து "எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று எழுத முடியும்.

வலிப்புக்கு வருகிறேன். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் சிறுநீரகம் முதிராதது. மிகுதியான வெறும் தண்ணீரை அதனால் வேகமாக வெளியேற்ற முடியாது. தண்ணீர் கூடக்கூட இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும், மூளையில் வீக்கம் ஏற்படும், வலிப்பும் வரும். இது காணொளிக் கதை அல்ல, மருத்துவம். "ஒரு சங்குதானே" என்பீர்கள். ஒரு சங்கோடு எந்த வீட்டில் நிறுத்துகிறார்கள்? குழந்தை அழுதால் ஒன்று, விக்கினால் ஒன்று, அத்தை வந்தால் ஒன்று, கரண்டு போனால் ஒன்று. போதாக்குறைக்கு அதில் சர்க்கரையைப் போடுவார்கள், சிலர் தேனைத் தொட்டு வைப்பார்கள். ஒரு வயதுக்கு முன் தேன் நஞ்சாகக்கூடும் என்பது தனிக் கதை. செம்பும் சங்கும் எல்லா வீட்டிலும் உங்கள் மனைவியின் கையால் கழுவப்படுவதில்லை. கோடையில் வயிற்றுப்போக்கோடு தூக்கி வரப்பட்ட குழந்தையின் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். சங்கின் மூக்கில் காய்ந்த பால் ஏடு படிந்து, அதில் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது.

ஆம்பூர்ச் சகோதரிக்கு: பீய்ச்சிய பால் 25 பாகை வெப்பத்துக்குள் நான்கு மணி நேரம் தாங்கும், குளிர்பெட்டியில் நான்கு நாட்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் அந்தக் கணக்கு செல்லாது. பக்கத்து வீட்டுக் குளிர்பெட்டியில் வைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். தூளிக்கு நைலான் சேலை வேண்டாம், பருத்திச் சேலையைக் கட்டச் சொல்லுங்கள். எதற்காகவும் தண்ணீர் கொடுக்க விடாதீர்கள்.

ஆம்பூர் அம்மா:
நன்றி அம்மா. பக்கத்து வீட்டிலும் குளிர்பெட்டி இல்லை. மண்பானையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மதிய இடைவேளையில் வீட்டுக்குப் போய்வர அனுமதிப்பார்களா என்று மேற்பார்வையாளரிடம் கேட்கப்போகிறேன்.

மருந்துக்கடைக்காரர்:
புட்டிப்பால் ஒன்றைத் தொடங்கிவிட்டால் சிக்கலே இல்லை, சகோதரி.

கிராமச் செவிலி:
இதோ, வந்துவிட்டார்! புட்டிப்பாலுக்கு விளம்பரமே செய்யக் கூடாது என்று இந்த நாட்டில் 1992 முதல் சட்டம் இருக்கிறது. உங்கள் கடையின் பெயரையும் சேர்த்து எழுதிவிடுங்கள், வழக்குப் போட வசதியாக இருக்கும். தண்ணீர் நல்லதாக இல்லாத வீட்டில் பொடியைக் கரைத்துக் கொடுப்பது என்றால் அது பெரியவரின் சங்கைவிட மோசம்.

காட்பாடிப் பெரியவர்:
"பெரியவரின் சங்கைவிட மோசம்" என்று அம்மையாரே எழுதிவிட்டார். ஆக, சங்கு அவ்வளவு மோசம் இல்லை என்பது அவர் வாயாலேயே வந்துவிட்டது. இதை எல்லோரும் குறித்துக்கொள்ளவும்.

கிராமச் செவிலி:
நான் அப்படிச் சொல்லவில்லை. படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது தெரியும். ஆறு மாதம் வரை ஒரு சங்கு தண்ணீரும் கூடாது. நாளைக்கு யார் என்ன எழுதினாலும் இதே இழையில் இதையே திரும்ப எழுதுவேன்.

காட்பாடிப் பெரியவர்:
எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள். வலிப்பு என்றீர்கள், எறும்பு என்றீர்கள். ஒரே ஒரு சங்குக்கு வலிப்பு வருமா, வராதா? அந்த ஒரு சொல்லை மட்டும் இன்னும் காணவில்லை.