உத்யம் பதிவை ரத்து செய்யச் சொல்கிறது வாங்கும் நிறுவனம். மார்ச் 31க்குள் என்ன செய்வது?

கேள்வி: கடைசல் பட்டறை, 24 மார்ச் 2025

வணக்கம். நான்கு லேத்தும் ஒரு சிஎன்சி எந்திரமும் வைத்துப் பம்பு உதிரிபாகங்கள் செய்து கொடுக்கிறேன். முக்கால்வாசி வேலை ஒரே பெரிய நிறுவனத்துக்குத்தான். ஜனவரி 6ஆம் தேதி அனுப்பிய சரக்குக்கு 6,40,000 ரூபாய் இன்னும் வரவில்லை. கொள்முதல் ஆணையில் 90 நாள் தவணை என்று அச்சடித்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை அவர்களுடைய கணக்குப் பிரிவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உத்யம் பதிவை, அதாவது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவை, ரத்து செய்து ஆதாரம் அனுப்ப வேண்டும். இல்லையென்றால், "நாங்கள் வணிகர்கள், 43பி(எச்) எங்களுக்குப் பொருந்தாது" என்று உறுதிமொழி தர வேண்டும். மறுத்தால் ஏப்ரலில் புதிய ஆணை கிடைக்காது என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். எட்டுப் பேர் என்னை நம்பி வேலை செய்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிடலாமா? இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

பதில்: வரி ஆலோசகர்

போடாதீர்கள் ஐயா. முதலில் அவர்கள் எதற்கு அஞ்சுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவன) மேம்பாட்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள் பணம் தர வேண்டும். அந்தத் தவணையும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். ஆகவே 90 நாள் என்று அவர்கள் அச்சடித்திருப்பது சட்டத்தின் முன் நிற்காது. ஜனவரி 6 அன்றே சரக்கு இறங்கியிருந்தால் உங்கள் கெடு பிப்ரவரி 20 அன்றே முடிந்துவிட்டது.

இந்தச் சட்டம் பதினெட்டு ஆண்டுகளாக இருந்தும் பெரிய நிறுவனங்கள் இதைப் பொருட்படுத்தவில்லை. 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற உட்பிரிவைச் சேர்த்த பிறகுதான் விழித்துக்கொண்டார்கள். 2023-24 நிதியாண்டிலிருந்து இது நடைமுறைக்கு வந்தது. கெடு தாண்டிய பாக்கியை மார்ச் 31க்குள் தீர்க்காவிட்டால், அந்தத் தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது. பணம் கொடுக்கும் ஆண்டில்தான் காட்டலாம். மற்ற சில பாக்கிகளைப் போல, கணக்குத் தாக்கல் செய்யும் நாளுக்குள் கட்டிவிட்டால் போதும் என்ற சலுகை இதற்குக் கிடையாது. 25.168 சதவீதம் வரி கட்டும் நிறுவனமாக இருந்தால், உங்கள் ஒரு பாக்கிக்காக மட்டும் இந்த ஆண்டு ஏறத்தாழ 1,61,000 ரூபாய் கூடுதல் வரி. அந்தச் சுமையை உங்கள் கையெழுத்தைக் கொண்டு இறக்கிவைக்கப் பார்க்கிறார்கள்.

ஒரு கேள்வி: உங்கள் உத்யம் சான்றிதழில் முக்கியச் செயல்பாடு என்ன என்று இருக்கிறது?

கடைசல் பட்டறை

இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். நெஞ்சு திக்கென்றது. "வணிகம்" என்று இருக்கிறது. கீழே என்ஐசி என்ற தொழில் வகைக் குறியீடு 46இல் தொடங்குகிறது. கணினி மையத்தில் ஒரு பையன் பதிவு செய்து கொடுத்தான். வங்கிக்குக் கொடுத்துவிட்டு உறையிலேயே வைத்திருந்தேன், படித்துப் பார்க்கவில்லை.

பதில்: வரி ஆலோசகர்

பிடி அங்கேதான் இருக்கிறது. 46 என்றால் மொத்த வணிகம். 2021 ஜூலை 2 அன்று வெளியான சுற்றறிக்கைப்படி வணிகர்களும் உத்யமில் பதியலாம். ஆனால் அவர்களுக்குக் கிடைக்கும் பயன் வங்கியின் முன்னுரிமைக் கடன் மட்டுமே. 45 நாள் பாதுகாப்பு இல்லை. உங்கள் சான்றிதழைப் பார்த்துத்தான் "வணிகர்" என்ற சொல்லையே அவர்கள் எடுத்திருக்க வேண்டும்.

உத்யம் தளத்தில் உங்கள் கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு எண்ணுடன் நுழைந்து இன்றே திருத்துங்கள். முக்கியச் செயல்பாட்டை உற்பத்தி என்று மாற்றி, உற்பத்திக்குரிய குறியீடுகளில் உங்கள் வேலைக்குப் பொருந்துவதைச் சேருங்கள். அரசுக் கட்டணம் ஏதும் இல்லை. யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

பழைய பாக்கிக்கு இந்தத் திருத்தம் செல்லுமா என்று அவர்கள் வாதம் செய்வார்கள். அது சும்மா தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை. சரக்கு கொடுத்த பின் பதிந்தவர்களுக்குப் பழைய காலத்துக்குப் பலன் இல்லை என்று உச்ச நீதிமன்றம் முன்பு சொல்லியிருக்கிறது. சரக்கு கொடுக்கும் முன்பே பதிந்திருப்பது கட்டாயமா என்ற கேள்வி 2025 ஜனவரியில் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டுள்ளது. உங்களுக்குப் பதிவு முன்பே இருக்கிறது, வகைதான் தவறு. ஆகவே ஜனவரியிலும் நீங்கள் உற்பத்தியாளர்தான் என்று காட்டும் தாள்களைச் சேருங்கள்: தொழிற்சாலைக் கட்டணத்தில் வரும் மின்ரசீது, எந்திரம் வாங்கிய பில், மூலப்பொருள் வாங்கிய பில், ஜிஎஸ்டி கணக்கு. பழைய சான்றிதழின் நகலையும் பத்திரமாக வையுங்கள். மறைத்தால் சந்தேகம்தான் வளரும்.

பதில்: வார்ப்படத் தொழில்

சிறு நிறுவனங்களின் பாக்கி வழக்குகளை விசாரிக்கும் வசதியாக்கல் மன்றம் வரை போனவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். என் வழக்கில் எதிர்த்தரப்பு, "சரக்கில் குறை இருந்தது, ஏற்கவே இல்லை" என்றது. சட்டப்படி குறையை 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் சரக்கு இறங்கிய நாளே அதை ஏற்றுக்கொண்ட நாளாகும். என்னைக் காப்பாற்றியது டெலிவரி சலானின் மூலையில் காவலாளி குத்திய ஊதா நிற முத்திரையும், அதற்குள் பேனாவால் எழுதியிருந்த தேதியும் நேரமும்தான். மை மங்கிப்போயிருந்தது, வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். உங்கள் சலான்களை இன்றே தேடி எடுங்கள்.

தாமதத்துக்கு அவர்கள் வட்டியும் தர வேண்டும். ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற வட்டி விகிதம் இந்த 2025 மார்ச்சில் 6.50 சதவீதம், அதன் மும்மடங்கு 19.5. மாதாமாதம் கூட்டு வட்டி. உங்கள் 6,40,000க்கு முதல் மாதமே 10,400 ரூபாய். மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து அவர்கள் நீதிமன்றம் போனால் 75 சதவீதத்தை முன்கூட்டிக் கட்ட வேண்டும். ஆனால் 90 நாளில் முடியும் என்று சட்டத்தில் இருப்பதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். எனக்குப் பதினான்கு மாதம் ஆனது.

பதில்: கொள்முதல் பிரிவில் இருப்பவர்

நான் மறுபக்கத்தில் வேலை செய்கிறேன். இப்படி ஒரு கடிதத்தை அனுப்பச் சொன்னபோது எனக்கே உறுத்தியது. மிரட்டியவர் பெரும்பாலும் கீழ்மட்ட அலுவலர். தலைமைக் கணக்கருக்கு நேரடியாக எழுதுங்கள். 45 நாளைத் தாண்டிய பாக்கிகளை ஏப்ரல் 30க்குள் எம்எஸ்எம்இ-1 படிவத்தில் நிறுவனப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் கடமை அவர்களுக்கு இருக்கிறது. விற்றுமுதல் 250 கோடியைத் தாண்டிய நிறுவனம் என்றால் 2025 மார்ச் இறுதிக்குள் டிரெட்ஸ் தளத்தில் சேர்ந்தாக வேண்டும். அதில் உங்கள் பில்லை அவர்கள் ஏற்றால் வங்கி உங்களுக்கு உடனே பணம் தந்துவிடும், அவர்கள் வங்கிக்குப் பிறகு கட்டுவார்கள். உறவு முறியாமல் தீர இதுவும் ஒரு வழி. கடிதத்தில் கோபம் வேண்டாம், தேதிகள் மட்டும் இருக்கட்டும்.

கடைசல் பட்டறை, 29 மார்ச் 2025

அன்றிரவே சான்றிதழைத் திருத்திவிட்டேன். முத்திரை தெரியும்படி சலான் நகல்களை இணைத்துத் தலைமைக் கணக்கருக்கு எழுதினேன். உறுதிமொழியில் கையெழுத்திட முடியாது என்பதை ஒரே வரியில் சொன்னேன். நேற்று மாலை 4,00,000 ரூபாய் வந்தது. மீதி 2,40,000க்குத் தரப் பரிசோதனை பாக்கி என்கிறார்கள். எழுத்தில் எந்தக் குறையும் எனக்கு வந்ததில்லை. ஏப்ரல் ஆணை பற்றி இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை.

பதில்: வார்ப்படத் தொழில்

ஜனவரி 21க்குள் எழுத்தில் குறை சொன்னீர்களா என்று இன்றே மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அந்த அஞ்சலை அச்செடுத்து, சலான் வைத்திருக்கும் அதே கோப்பில் வையுங்கள்.