ரஸ்ட் நிரல்மொழியின் கடன் விதியில் சிக்கியிருக்கிறேன், வழி காட்டுங்கள்

குழுவினருக்கு வணக்கம். தக்கலையைச் சேர்ந்த நான், பல ஆண்டுகள் பைத்தானில் நிரல் எழுதிப் பழகியபின், மூன்று மாதங்களாக ரஸ்ட் கற்று வருகிறேன். குலசேகரத்தில் மாமா நடத்தும் ரப்பர் ஷீட் கடையின் கொள்முதல் கணக்கைக் கூட்டித் தரும் சிறு நிரலே என் பயிற்சி.

வெக்டரின் (நீளக்கூடிய பட்டியல்) முதல் உறுப்பைக் கடன் வாங்கி (நகலெடுக்காமல் சுட்டியாக மட்டும் எடுத்து) வைத்துக்கொண்டு அதே வெக்டரில் புஷ் செய்தபோது (புது உறுப்பு சேர்த்தபோது) கம்பைலர் மறுத்தது. இடம் போதாமல் வெக்டர் வேறு நினைவகப் பகுதிக்குப் பெயர்ந்தால் என் சுட்டி விடுவிக்கப்பட்ட இடத்தையே காட்டும் என்பது புரிந்ததும் கோபம் தணிந்தது. சி மொழியில் இது சத்தமில்லாமல் கம்பைல் ஆகியிருக்கும்.

இப்போதைய சிக்கல் வேறு. கோப்பின் முழு உரையைத் தாங்கும் ஸ்ட்ரிங்கையும், அதிலிருந்து கடனாக எடுத்த வாடிக்கையாளர் பெயர்த் துண்டுகளையும் ஒரே ஸ்ட்ரக்டில் (பல தரவுகளைச் சேர்த்து வைக்கும் அமைப்பு) வைத்துத் திருப்பித் தர முயல்கிறேன். கடன் எவ்வளவு காலம் செல்லும் என்று சொல்லும் லைஃப்டைம் குறி எத்தனை இட்டாலும் கம்பைல் ஆகவில்லை. ஒவ்வொரு பெயரையும் குளோன் செய்தால் (தனி நகல் எடுத்தால்) ஓடுகிறது, ஆனால் விதியை விளங்கிக்கொள்ளாமல் பின்வாசல் வழியே நழுவியதுபோல் இருக்கிறது. தொடக்க, முடிவு பைட் எண்களை மட்டும் சேமிக்கலாமா? பெயர்கள் தமிழில் இருப்பதால் ஒவ்வொரு யூனிகோட் குறியும் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் 3 பைட். இடையில் வெட்டினால் நிரல் பேனிக் ஆகி நின்றுவிடுகிறது (அதையும் நேற்றிரவு பார்த்துவிட்டேன்).

உரையை ஸ்ட்ரக்டுக்கு வெளியே வைப்பதா, பைட் எண்களா, குளோனே போதுமா? அனுபவமுள்ளவர்கள் எதைத் தேர்வீர்கள், ஏன் என்று விளக்கினால் நன்றியுடையவனாவேன்.