கிராம சபையில காசா போரை நிறுத்தச் சொல்லித் தீர்மானம் போடலாமா?

கடற்கரை மெம்பர் | 19 செப்டம்பர் 2025

எல்லாருக்கும் வணக்கம். ராதாபுரம் தாலுகாவுல கடலை ஒட்டின ஓர் ஊராட்சியில நான் வார்டு மெம்பர். நம்ம மாவட்டத்துல 2021 அக்டோபர்லதான் உள்ளாட்சித் தேர்தல் நடந்துச்சு, அதனால எங்களுக்கு இன்னும் ஒரு வருசம் பதவி இருக்கு. பல மாவட்டங்கள்ல ஜனவரியோட முடிஞ்சு தனி அலுவலர்தான் பாக்காவ. ஜனங்க ஓட்டுப் போட்டு வந்த ஆள் நடத்துற கிராம சபை இப்ப தமிழ்நாட்டுலயே சில மாவட்டத்துலதான் இருக்கு. அதை வெறுமன கையெழுத்து வாங்குற கூட்டமா விட எனக்கு மனசில்ல.

வர்ற அக்டோபர் 2 கூட்டத்துல, காசா போரை நிறுத்த இந்திய அரசு உறுதியா நிக்கணும்னு தீர்மானம் கொண்டுவர நினைக்கேன். ஊராட்சிச் செயலர் தம்பிகிட்ட சொன்னேன். “மேல இருந்து வந்த கூட்டப் பொருள்ல குடிநீர், டெங்கு, நூறு நாள் வேலை, பிளாஸ்டிக்னுதான் இருக்கு. இதுல காசாவை எங்கன சேக்க, அக்கா?”ன்னு கேக்கான். தலைவர் அண்ணாச்சி சரின்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. “கூட்டத்தைக் கவனிக்க வர்ற அரசுப் பற்றாளர் முன்னால சண்டை வந்துரக் கூடாது பாத்துக்க”ன்னு மட்டும் சொன்னாவ.

எனக்கு இதுல என்ன அக்கறைன்னு கேப்பீங்க. எங்க ஊர்ல நிறைய வீட்டு ஆம்பளைங்க ஈரான், பஹ்ரைன், சவுதின்னு போய் அங்க உள்ள முதலாளிமார் படகுல மீன் பிடிக்காவ. ஜூன் 13-ம் தேதி இஸ்ரேல் ஈரானைத் தாக்க ஆரம்பிச்சப்ப என் கொழுந்தன் கீஷ் தீவுல இருந்தான். ஈரான்ல படிச்ச பிள்ளைகளை ஆர்மீனியா வழியாவும் மஷாத் வழியாவும் அரசு கூட்டிட்டு வந்துச்சு, நல்ல காரியம். தீவுல கிடந்த மீன்பிடிக்காரனுக்கு அந்த ரெண்டு வழியும் எட்டல. போன் எப்பவாவது ஒருக்க கிடைக்கும். “படகு கட்டிக் கிடக்கு மதினி, முதலாளி சம்பளத்தைப் பத்திப் பேசவே மாட்டேங்கான், அரிசி தீரப் போகுது”ன்னான். இப்ப ஊர் வந்து சேந்துட்டான். காசாவுல பத்தின தீதான் பரவிப் பரவி அங்க வரைக்கும் போச்சுன்னு அன்னைக்கு எங்க தெருவுல படிக்காத கிழவிக்குக்கூடத் தெரிஞ்சுது.

அப்பதான் காசாவைப் பத்தி நானா தேடிப் படிச்சேன். அதுவும் கடற்கரை ஊர்தான். நாப்பது கிலோமீட்டர் கரை. இஸ்ரேலும் பாலஸ்தீனத் தரப்பும் 1990-கள்ல போட்ட ஓஸ்லோ ஒப்பந்தத்துல 20 கடல் மைல் வரைக்கும் போய் மீன் பிடிக்கலாம்னு எழுதிக் கொடுத்தாவ. ஆனா முழுசா ஒருநாளும் விடல, 3 மைல், 6 மைல்னு சுருக்கிக்கிட்டே வந்தாவ. 2023 அக்டோபர்ல இருந்து கடல்ல இறங்கவே தடை. போன ஜூலையில இஸ்ரேல் ராணுவம் அதைத் திரும்பவும் அறிவிச்சுது. பசி தாங்காம இறங்கினவங்களைச் சுட்டிருக்காவ. ஆகஸ்ட் 22-ம் தேதி, உணவு நிலைமையை அளக்கிற ஐ.பி.சி. அமைப்பு காசா நகரப் பகுதியில பஞ்சம் வந்துட்டுன்னு அறிவிச்சுது. கண்ணு முன்னால கடல், அதுல சாளை ஓடுது, கரையில பிள்ளை பட்டினியில சாகுது. வலை உலர்த்துற வீட்டுல பிறந்தவளால இதைத் தாங்க முடியல.

சட்டப்படி இப்படித் தீர்மானம் போட முடியுமா? போட்டா யாராவது மதிப்பாவளா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய எழுத்தர், அம்பை | 19 செப்டம்பர் 2025

மெம்பர் அம்மா, வருசக்கணக்கா தீர்மானப் பதிவேடு எழுதினவன் நான். தெரிஞ்சதைச் சொல்லுதேன்.

வெளியுறவு, போரும் அமைதியும், ரெண்டும் அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில ஒன்றியப் பட்டியல்ல இருக்கு, 10-வது இனமும் 15-வது இனமும். ஊராட்சிக்கு உரிய 29 இனங்கள் பதினொன்றாவது அட்டவணையில இருக்கு. அதுல போர் கிடையாது. ஆனா முடிவெடுக்கிறது வேற, கேட்டுக்கிடுறது வேற. நம்ம சட்டமன்றத்துக்கும்தான் வெளியுறவுல அதிகாரம் கிடையாது. 2013 மார்ச் 27-ம் தேதி, ஈழத் தமிழர்கிட்ட பொதுவாக்கெடுப்பு நடத்தணும், இலங்கையை நட்பு நாடுன்னு சொல்லக் கூடாதுன்னு தீர்மானம் போட்டாங்களே. ஒன்றிய அரசை வலியுறுத்திப் போட்டது, அதனால நிலைச்சுச்சு. கலெக்டர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர், ஊராட்சித் தீர்மானத்தை நிறுத்தி வைக்கிற அதிகாரம் அவருக்கு உண்டு. அதனால ‘கண்டிக்கிறது’ன்னு எழுதாம ‘கேட்டுக்கொள்கிறது’ன்னு எழுதுங்க. கூட்டப் பொருள்ல கடைசியா ‘இதர’ன்னு ஒண்ணு வரும், அங்கன வைங்க.

குறைவெண் முக்கியம். உங்க ஊராட்சியில 3,001-ல இருந்து 10,000 பேர் வரைக்கும் இருந்தா 200 பேர் வந்து கையெழுத்துப் போடணும். ஆள் குறைஞ்சா மத்த தீர்மானமும் சேந்து போயிரும்.

மதிப்பாங்களான்னு கேட்டீங்க. ஒடிசாவுல நியம்கிரி மலையில 2013-ல 12 கிராம சபை கூடி பாக்சைட் சுரங்கம் வேண்டாம்னு சொல்லிச்சு, சுரங்கம் நின்னுச்சு. ஏன்னா அந்த ஜனங்களைக் கேளுன்னு சுப்ரீம் கோர்ட்டே உத்தரவு போட்டிருந்துச்சு. காசாவைப் பத்தி நம்மளை யாரும் கேக்கல, அந்தப் பலம் நமக்கு இருக்காது. சிகாகோ மாநகராட்சி மன்றம் 2003 ஜனவரியில ஈராக் மேல போர் வேண்டாம்னு 46-க்கு 1-ன்னு ஓட்டுப் போட்டுச்சு. மார்ச்ல போர் தொடங்கிட்டு. அதே மன்றம் 2024 ஜனவரி 31-ல காசாவுல போர்நிறுத்தம் கேட்டப்ப 23-க்கு 23-ன்னு நின்னு, மேயர் பிராண்டன் ஜான்சன் ஓட்டுலதான் நிறைவேறுச்சு. போர் இன்னும் நிக்கல.

எனக்குப் பிடிச்சது 2011-ல அமெரிக்க மேயர்கள் மாநாடு போட்ட தீர்மானம். ஆப்கானிஸ்தான், ஈராக் போரை முடி, அதுக்குப் போற பணத்தை எங்க நகரங்களுக்குத் திருப்புன்னு கேட்டாங்க. ஊர்ல ரோடும் பாலமும் பாக்கிறவன் அந்தப் பணத்தைக் கேக்க யாரும் தடை சொல்ல முடியாது. உங்களுக்கும் அப்படி ஒரு பிடி இருக்கு: அந்த 29 இனத்துல அஞ்சாவது மீன்வளம். நீங்க எழுதினதுலயே அந்தக் கடல் மைல் சமாச்சாரம்தான் உங்க ஊர் வாயில இருந்து வரவேண்டியது. அதை விட்டுறாதீங்க.

பணகுடிக்காரன் | 20 செப்டம்பர் 2025

அக்கா, உங்க மனசு புரியுது. ஆனா நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன்.

பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிரா ஏகனாபுரத்துல 2022-ல இருந்து கிராம சபைக்குக் கிராம சபை தீர்மானம் போடுதாங்க. சொந்த நிலம், சொந்த ஏரி. அதுக்கே காது கொடுக்காதவங்க காசாவுக்குக் கொடுப்பாங்களா? உங்க கடற்கரை ஊர்கள்ல கடல் அரிப்பைத் தடுக்கக் கல்லு போட்டுக் கட்டுற தூண்டில் வளைவு கேட்டு எத்தனை மனு போயிருக்கும். வருசா வருசம் அலை வீட்டு வாசல் வரைக்கும் வருது. கிராம சபையில ஜனங்க பேசுற நேரம் கொஞ்சம். அதையும் கடல் தாண்டிச் செலவழிச்சா, அதிகாரிங்களுக்குத்தான் வசதி.

இன்னொண்ணு. 2009-ல நான் பாளையங்கோட்டையில காலேஜ் படிச்சேன். வகுப்பை விட்டு ரோட்டுல உக்காந்தோம். போரை நிறுத்துன்னு தொண்டை கட்டுற வரைக்கும் கத்தினோம். மே மாசம் முள்ளிவாய்க்கால்ல என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். அதுக்கப்புறம் பல வருசம் நான் எந்தக் கூட்டத்துக்கும் போகல. உங்க ஊர்ச் சின்னப் பிள்ளைங்களுக்கு அந்த வேதனை வேண்டாம்னுதான் சொல்லுதேன்.

மேலப்பாளையம் பொண்ணு | 20 செப்டம்பர் 2025

அக்கா, தயவு செஞ்சு கொண்டுவாங்க. நாங்க மாநகராட்சியில இருக்கோம், எங்களுக்குக் கிராம சபை கிடையாது. எங்க ஊர்ல காசாவுக்காகக் கூட்டம் போட்டா, “உங்க ஆளுகளுக்காகப் பேசுதீங்க”ன்னு சொல்லி முடிச்சிருதாங்க. செத்த பிள்ளைகளோட கணக்கு அந்தப் பேச்சுல காணாமப் போயிருது. காசா சுகாதார அமைச்சகக் கணக்குப்படி 65,000 பேருக்கு மேல செத்தாச்சு. உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை பக்கத்துல இருந்து ஒரு கிராம சபை பேசினா அந்த வார்த்தையைச் சொல்ல முடியாது.

ஒரு வேண்டுகோள்: 2023 அக்டோபர் 7-ல ஹமாஸ் தாக்குதல்ல இஸ்ரேல்ல செத்த 1,200 பேரையும், பிடிச்சுட்டுப் போன 251 பேரையும் எழுதுங்க. இன்னும் வீடு திரும்பாதவங்க இருக்காங்க. அதைச் சொல்லாம விட்டா நியாயம் இல்ல, எதிர்க்கிறவங்களுக்கும் அதுவே சாக்காகும்.

கடற்கரை மெம்பர் | 21 செப்டம்பர் 2025

எழுத்தர் ஐயா, மேலப்பாளையம் தங்கச்சி, ரெண்டு பேரும் சொன்னபடியே எழுதிக்கிடுதேன். தங்கச்சி, எங்க கோயில்ல திருப்பலியில காசாவுக்காக மன்றாட்டு நடந்துக்கிட்டுதான் இருக்கு. காசாவுல இருக்கிற ஒரே கத்தோலிக்கக் கோயில் திருக்குடும்பக் கோயில். ஜூலை 17-ல அது மேலயும் குண்டு விழுந்து மூணு பேர் செத்தாவ, பங்குச்சாமிக்கும் காயம். அதனால இது யாரோட ஆளுங்கற பேச்சை எங்க ஊர்ல யாரும் எடுக்க முடியாது.

பணகுடித் தம்பி, தூண்டில் வளைவு என் பட்டியல்ல முதல் தீர்மானம். அதை நான் விடல, விடவும் மாட்டேன். கடல் எங்க வாசலைத் திங்குதுன்னு சொல்லுற அதே வாயாலதான், இன்னொரு ஊர்க்காரனைக் கடல்ல இறங்க விடலன்னும் சொல்லப் போறோம். ஒண்ணு இன்னொண்ணைக் குறைக்கும்னு எனக்குத் தோணல.

2009 பத்திச் சொன்னீங்க. எங்க கரையில இருந்து பாத்தா அக்கரை எங்களுக்கு அந்நியம் இல்ல, ஆனா நாங்க கத்தினது எதுவும் எட்டல. ஒண்ணு மட்டும் யோசிச்சுப் பாருங்க தம்பி. அந்த மே மாசத்துல உலகத்துல எங்கயோ நமக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மீன்பிடி ஊர் கூடி, ‘வன்னியில சாகுற ஜனங்களைக் காப்பாத்துங்க’ன்னு ஒரு தாள்ல எழுதித் தன் அரசுக்கு அனுப்பியிருந்தா, போர் நிக்காமப் போயிருந்தாலும் அந்த ஊர் பேரை நீங்க இன்னைக்கு மறந்திருப்பீங்களா? நான் மறந்திருக்க மாட்டேன். அப்படி ஓர் ஊரா எங்க ஊர் இருக்கணும். எனக்கு அவ்வளவுதான்.

போர் நிக்குமான்னு பிள்ளைங்க கேட்டா, நம்ம தாளால நிக்காதுன்னு நேரா சொல்லிருவேன். ஆனா நம்ம அரசுகிட்ட ஓர் ஓட்டு இருக்கு. ஐ.நா. பொதுச் சபையில 2023 டிசம்பர்ல போர்நிறுத்தத்துக்கு ஆதரவா 153 நாடு ஓட்டுப் போட்டப்ப இந்தியாவும் போட்டுச்சு. இந்த வருசம் ஜூன் 12-ல 149 நாடு போட்டப்ப இந்தியா விலகி நின்னுச்சு. மறுநாள்தான் ஈரான் மேல குண்டு விழுந்துச்சு. இந்தச் செப்டம்பர் 12-ல பாலஸ்தீனத்துக்குத் தனி நாடுங்கிற பிரகடனத்துக்கு 142 நாட்டோட சேந்து திரும்பவும் ஆதரவா போட்டிருக்கு. ஆக அசையுற இடம் ஒண்ணு இருக்கு. அதைப் பாத்துத்தான் கேக்கேன்.

எழுதினது இது, ஐயா திருத்திக் கொடுங்க:

“2023 அக்டோபர் 7 முதல் இஸ்ரேலிலும் காசாவிலும் உயிரிழந்த அனைவருக்கும் இக்கிராம சபை அஞ்சலி செலுத்துகிறது. காசாவில் போரை உடனே நிறுத்தவும், பிணையாளிகள் வீடு திரும்பவும், உணவும் மருந்தும் தடையின்றிச் செல்லவும், காசா மீனவர்கள் ஓஸ்லோ ஒப்பந்தப்படி 20 கடல் மைல் வரை அச்சமின்றித் தொழில் செய்யவும், ஐ.நா. சபையில் இந்தியா தொடர்ந்து ஆதரவாக வாக்களித்துக் குரல் கொடுக்குமாறு ஒன்றிய அரசை இக்கிராம சபை கேட்டுக்கொள்கிறது. வளைகுடாவிலும் ஈரானிலும் மீன்பிடித் தொழில் செய்யும் இவ்வூர் மக்களைப் போர்க்காலத்தில் தீவுகளிலிருந்தும் மீட்க முன்கூட்டியே வழிவகை செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறது.”

பழைய எழுத்தர், அம்பை | 21 செப்டம்பர் 2025

நல்லா வந்திருக்கு, ஒரே ஒரு மாற்றம். கடைசி வாக்கியத்தைப் பிரிச்சுத் தனித் தீர்மானமா போடுங்க. உங்க ஊர்க்காரங்களை மீட்கிறது யாரும் மறுக்க முடியாத கோரிக்கை. முதல் தீர்மானத்துக்கு ஏதாவது தடை வந்தாலும் ரெண்டாவது நிக்கும். ரெண்டுக்கும் முன்மொழியவும் வழிமொழியவும் கடலுக்குப் போறவங்களையே நிறுத்துங்க, ஈரான்ல இருந்து வந்த உங்க கொழுந்தன் ஒருத்தரா இருக்கட்டும். நகலை வெளியுறவு அமைச்சகத்துக்கும் தொகுதி எம்.பி.க்கும் பதிவுத் தபால்ல அனுப்புங்க. பதிவேட்டுல எழுதி முடிச்ச அன்னைக்கே தலைவர் கையெழுத்தோட உங்களுக்கும் ஒரு நகல் வாங்கிருங்க, பிறகு பாத்துக்கிடலாம்னு மட்டும் விட்டுறாதீங்க.